மதகடியில் தொடக்க விழா

இப்போதெல்லாம் மனுஷன் மூக்கைச் சிந்துவதற்குக்கூட தேதி குறித்து, மைக் செட் கட்டி, நாலு பேரைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. அது தெரியாமல் கஜபதி ஏரியில் இறங்கிவிட்டார்.

பாரிவாக்கத்தில் ஏரிக்குக் கீழே அவருக்குக் கொஞ்சம் கீரைப் பாத்தி. மதகை அடைத்துக்கொண்டு ஆகாயத்தாமரை மண்டிக் கிடந்தது. அதற்கடியில் தண்ணீர் கறுத்து நாறியது. கரையான்சாவடிக் கடைத்தெருவில் பெண்கள் கீரைக்கட்டை எடுத்து மோந்து பார்த்துவிட்டு, முகத்தைச் சுளித்துக் கீழே போட்டார்கள். அந்தத் தண்ணீரே இன்னும் பாய்ந்தால் பாத்தியை அழித்துவிட்டுப் போக வேண்டியதுதான். கஜபதி துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு ஒண்டியாகவே மதகடிச் செடியை வாரிக் கரையில் குவித்தார். தண்ணீர் தெளிந்து ஓட ஆரம்பித்தது.

சனிக்கிழமை காலை ஏரிப் பாதுகாப்புக் குழுவின் செயலாளர் சண்முகசுந்தரம் அங்கே ஸ்கூட்டரை நிறுத்தினார். ஆவடித் தொழிற்சாலையில் வேலை. ஏரியோரம் புது வீடு கட்டிக் குடிவந்தவர். மதகைப் பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"பெரியவரே! யாரைக் கேட்டு இதைப் புடுங்கினீங்க?"

"யாரைக் கேக்கணும்? இன்னா சார், நல்லாத்தானே கீது?"

"அதுதான் பிரச்சினையே! நாளைக்குப் பெரிய அதிகாரி வந்து முதல் செடியைப் புடுங்கி ஏரியைச் சுத்தம் பண்ற வேலையைத் தொடங்கி வைக்கிறார். பந்தல் இங்கதான். இப்ப அவர் எதைப் புடுங்குவார்? உங்க மீசையையா?"

"எதிர்க்கரை முச்சூடும் செடிதானே? அங்க இட்டுகினு போ."

"அங்க ஜீப் போகாது. அவரைச் சேத்துல நடக்கச் சொல்றீங்களா?"

கஜபதி துண்டை உதறிக்கொண்டு கிளம்பினார். சண்முகசுந்தரம் குரலை இறக்கினார்.

"நாளைக்கு அவர் பக்கத்துலயே நில்லுங்க. ஏரி முழுக்கச் சுத்தம் பண்ணப் படகும் ஆளும் நேர்ல கேளுங்க. கெடச்சுட்டா உங்க கீரைக்கு ஆயுசுக்கும் நல்ல தண்ணி."

படகு என்றதும் கிழவருக்குச் சபலம் தட்டியது. கரையில் கிடந்த செடியை வாரித் திரும்பவும் தண்ணீரில் போட்டார். அது வதங்கி, வேகவைத்த கீரை மாதிரி மிதந்தது.

"இதைப் பார்த்தா, செடி தானாவே செத்துப்போச்சேன்னு கிளம்பிடுவார். பச்சையா வேணும். பூவோட இருந்தா போட்டோவுக்கும் நல்லது," என்றார் சண்முகசுந்தரம்.

குழுவின் ஆட்கள் எதிர்க்கரைச் செடியில் கயிற்றைக் கட்டி, மதகுப் பக்கமிருந்து டிராக்டரால் இழுத்தார்கள். ஒரு கொத்து கேட்டால் ஏரி மொத்தத்தையும் கொடுத்தது. பின்னிக் கிடந்த செடிப் பரப்பு முழுவதும் பிய்த்துக்கொண்டு, காற்றில் ஆடி அசைந்து வந்து, பொழுது சாய்வதற்குள் மதகடியில் அடைந்தது. மதகே தெரியவில்லை. ஓடிக்கொண்டிருந்த தண்ணீரும் நின்றது.

"பிரமாதம்! இப்பத்தான் பார்க்கவே பயமா இருக்கு!" என்று சண்முகசுந்தரம் கைதட்டினார்.

வீட்டில் மனைவி தாட்சாயிணி பிடித்துக்கொண்டாள். "நீயே புடுங்கின, நீயே நட்டுட்டு வந்துகீற. புத்தி கெட்டுப்போச்சா உனுக்கு?"

"உனுக்கு ஒண்ணும் தெரியாது. படகு வருது."

"வந்தா? அதுல ஏறிகினு கீரை விக்கப் போறியா?"

ஞாயிற்றுக்கிழமை அதிகாரி வந்தார். பூமாலை, கைதட்டல், புது ரப்பர் கையுறை. குனிந்து ஒரு செடியை இழுத்தார். முழ நீள வேர் கறுப்புத் தண்ணீரை அவர் வெள்ளைச் சட்டையில் தெளித்தது.

"சார், கண்ணை மூடிட்டீங்க. இன்னொரு வாட்டி," என்றார் போட்டோக்காரர்.

அந்தச் செடியையே மறுபடி தண்ணீரில் வைத்து, மறுபடி பிடுங்கினார்.

பிறகு ஏரியை ஒரு பார்வை பார்த்தார். "இதுக்கு முன்னால இங்க யாராவது இறங்கி வேலை செஞ்சிருக்காங்களா?"

"ஒரு செடியைக்கூடத் தொடல சார்! உங்க கைதான் முதல்ல படணும்னு காத்திருந்தோம். ஊர்ப் பெரியவரையே கேளுங்க!" என்று சண்முகசுந்தரம் மைக்கைக் கஜபதியின் வாயருகே நீட்டினார்.

கஜபதி மைக்கைப் பிடித்தார். படகை நினைத்துக்கொண்டார்.

"ஆமா சார். ஒருத்தனும் எறங்கல."

அது ஸ்பீக்கரில் ஏரி முழுக்கக் கேட்டது. அதிகாரி "ம்" என்று சொல்லிவிட்டு இளநீர் குடிக்கப் பந்தலுக்குள் போனார். கூட்டம் அவரைச் சுற்றிக்கொண்டது. கஜபதி ஜீப் பக்கம் போய்க் காத்து நின்றார்.

"இன்னா நைனா, அய்யாகிட்ட எதுனா கேக்கணுமா?" என்றார் ஜீப் டிரைவர்.

"படகு கேக்கணும்பா. ஏரியச் சுத்தம் பண்ண."

டிரைவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"அதைக் குடுக்கத்தான் நைனா வந்தாரு! படகு, ஆளு எல்லாம் ரெடி. ஆனா ஜனங்க தானா எறங்கி ஒரு மூலையாச்சும் சுத்தம் பண்ண ஏரிக்குத்தான் குடுக்கணும்னு உத்தரவு. நீதான் ஒருத்தனும் எறங்கலன்னு மைக்லயே சொல்லிட்டியே!"

கஜபதி வேட்டியை மடித்துக் கட்டினார்.

"குடுத்துக் கிழிச்சாங்க. போய் வண்டியத் தொடைப்பா," என்று காறித் துப்பிவிட்டு, கரையோரமாக விறுவிறுவென்று நடந்தார்.