தானே ஊதும் அடுப்பு

கடிதத்தை ஹெட்மாஸ்டர் சென்றாயன் மூன்று முறை படித்துவிட்டார். நான்காம் முறை படிக்கக் கண்ணாடி தேவைப்படவில்லை. அதற்குள் மனப்பாடமாகிவிட்டது.

‘தங்கள் மாதேஸ்வரா ஹைஸ்கூலில் மாணவிகள் புதிது புதிதாகக் கருவிகள் கண்டுபிடித்து வருவதாகத் தாங்கள் இரண்டு வருஷமாக அனுப்பிய அறிக்கைகளைப் புதிய சபைத் தலைவர் படித்துப் பரவசமடைந்தார். வரும் வெள்ளிக்கிழமை நமது மேற்பார்வை அம்மாள் அங்கு வந்து அக்கருவிகளைச் சேலம் கண்காட்சிக்கு எடுத்து வருவார்.’

சேலத்துப் பெண்கல்வி அபிவிருத்திச் சபை 1937-இல் ஆரம்பித்த திட்டம் அது. பெண் பிள்ளைகள் ஹைஸ்கூலிலேயே தங்கள் கையால் ஏதாவது புதிதாகச் செய்து பழக வேண்டும் என்பது சபையின் ஆசை. அதற்காகச் சுத்தியல், அரம், குறடு, ரம்பம் என்று ஓர் அலமாரி நிறைய அனுப்பியும் வைத்தது. சென்றாயன் அலமாரியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். எந்தப் பெண்ணாவது விரலை நசுக்கிக்கொண்டால் பெற்றவர்களுக்கு யார் பதில் சொல்வது?

ஆனால் வருஷம் பிறந்தால் அறிக்கை கேட்டார்களே! எழுதினார். எழுத உட்கார்ந்தால் அவருக்குக் கை நிற்காது. பன்னிரண்டு மாணவிகள் என்று எழுதினார். தானே ஊதும் அடுப்பு என்று எழுதினார். மழை வருமுன் மணியடிக்கும் பெட்டி என்றும் எழுதி, அதற்குக் கீழே ஒரு கோடும் போட்டார். தருமபுரியிலிருந்து பென்னாகரம் ரோட்டில் எட்டு மைல் தள்ளிக் கிடந்த அந்தப் பள்ளிக்கூடத்தைச் சபையிலிருந்து ஒரு காக்கை கூட எட்டிப் பார்த்ததில்லை. அந்தத் தைரியம்தான்.

பள்ளியில் இருந்த பெண்கள் மூன்று பேர். இருந்த கருவிகள், அடுப்பங்கரைச் சாமான்களைச் சேர்த்தால்கூட, ஒன்றும் இல்லை.

“பேர் கெட்டுதுன்னா மறுநாள் இங்க வராதீங்க, நேரா வூட்டுக்குப் போயிடுங்க” என்று பள்ளி மேனேஜர் மாரப்பன் அவரை வேலைக்கு எடுத்த அன்றே சொல்லியிருந்தார். சொன்னால் செய்கிற மனிதர். ஐம்பத்திரண்டு வயதில் வேலையை விட்டு அனுப்பப்பட்ட ஹெட்மாஸ்டரை எந்த ஊரில் சேர்த்துக்கொள்வார்கள்?

அலமாரியைத் திறந்தார். மூன்று பெண்களையும் கூப்பிட்டார். தகர வேலை செய்யும் காசிமின் மகள் வஹிதா, காட்டு வேலைக்காரர் வீட்டு மாதம்மாள், பழனியம்மாள். மூவரும் நாலாம் பாரம்.

“வெள்ளிக்கிழமைக்குள்ள தானே ஊதுற அடுப்பு ஒண்ணு செய்யணும்” என்றார்.

“எப்படிங்க சார் தானே ஊதும்?” என்று கேட்டாள் வஹிதா.

“அது எனக்கெப்படித் தெரியும்? கண்டுபிடிச்சது நீங்கதானே!”

மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அலமாரியைப் பார்த்தார்கள். இரண்டு வருஷமாகக் கண்ணாடி வழியாக மட்டும் பார்த்த சாமான்கள். பழனியம்மாள் ரம்பத்தை எடுத்து, கைக்குழந்தையை வாங்குவது போல இரு கையிலும் வாங்கிக்கொண்டாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் அவர்கள் தூக்கி வந்ததைப் பார்த்துச் சென்றாயனுக்கு மூச்சே நின்றுவிட்டது. ஒரு மரப்பெட்டி. அதன் அடியில் வரிசையாகத் துளை போட்ட தகரம். மேலே அரைவட்டமாகச் செதுக்கிய கட்டை, அதை ஆட்ட ஒரு கைப்பிடி.

“இதா அடுப்பு?”

“இல்லீங்க சார். கடலக்கா உடைக்கிறது” என்றாள் மாதம்மாள். “எங்க ஆத்தாவுக்கு உரிச்சு உரிச்சு நகமே பிஞ்சு போச்சுங்க. அடுப்பு தானா ஊதாதுங்க சார், நாங்களும் யோசிச்சுப் பாத்தோம்.”

“அடிப்பாவிங்களா! ரிப்போர்ட்ல இல்லாததையெல்லாம் யாரு செய்யச் சொன்னது? உள்ளதையே காட்ட முடியாம தவிக்கிறேன். இது எங்கேர்ந்து வந்துதுன்னு அந்தம்மா கேட்டா நான் என்ன சொல்றது?”

“நாங்க செஞ்சோம்னு சொல்லுங்க சார்” என்றாள் வஹிதா.

உண்மையைச் சொல்லி மாட்டிக்கொள்ளும் அளவுக்குச் சென்றாயன் துணிந்தவரல்ல. பெட்டியைக் கரும்பலகைக்குப் பின்னால் ஒளித்து வைக்கச் சொன்னார். பியூன் செல்லனை அழைத்தார். மேஜைமேல் தரைவரை தொங்கும்படி ஜமக்காளத்தை விரித்து, மேலே அடுப்பை வைத்து, மேஜையில் ஓட்டை போட்டு ஊதாங்குழலைச் செருகினார்.

“நீ உள்ளே உக்காந்து ஊது. நான் இருமினா ஊது, செருமினா நிறுத்து. இந்தக் கயிறு மழைப் பெட்டி மணியில கட்டியிருக்கு. அதைக் கால்கட்டை விரல்ல மாட்டிக்கோ.”

“எனக்குப் புகை ஆவாதுங்களே சார்!”

“எனக்கு மட்டும் வேலை போனா ஆவுமா?”

பன்னிரண்டு பேருக்கு இன்னும் ஒன்பது குறைந்தது. சென்றாயனின் மனைவி காசியம்மாள் தெருவில் கிடைத்த பெண்களையெல்லாம் தாவணி கட்டச் சொல்லி ஓட்டிக்கொண்டு வந்தாள்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு ஜட்கா வந்து நின்றது. மேற்பார்வை அம்மாள் இறங்கினார். விறைப்பான புடவை, வெள்ளி ஃபிரேம் கண்ணாடி, சிரிப்பே அறியாத உதடுகள். பின்னால் சபையின் சிப்பந்தி குள்ளன் பெட்டி தூக்கி வந்தான். சென்றாயன் கும்பிட்ட கையை இறக்க மறந்து போனார்.

“போன வருஷம் பார்த்ததற்கு இந்த வருஷம் பள்ளிக்கூடம் வெள்ளையடிச்சு நல்லா இருக்கு” என்றார் அம்மாள்.

சென்றாயனுக்குத் திக்கென்றது. போன வருஷமா? எந்தப் போன வருஷம்? எல்லாம் தெரிந்துகொண்டுதான் வந்திருக்கிறாள், பூனை எலியை வைத்து விளையாடுகிற மாதிரி விளையாடுகிறாள் என்று தோன்றியது.

அம்மாள் மாணவிகளின் வரிசையைப் பார்வையிட்டார். ஓரத்தில் நின்ற பெண்ணின் இடுப்பில் ஒரு குழந்தை விரல் சூப்பிக்கொண்டிருந்தது.

“இது எந்த வகுப்பு?”

“அஞ்சாம் பாரம்ங்க.”

“நான் இடுப்பில் இருப்பதைக் கேட்டேன்.”

“அது... அது இன்னும் சேரலைங்க.”

அம்மாள் தலையை மட்டும் ஆட்டிவிட்டு மேஜைப் பக்கம் வந்தார். சென்றாயன் இருமினார். அடுப்பு புசுபுசுவென்று எரிந்தது. பயத்தில் தொண்டை வறண்டு இன்னும் நான்கு தடவை இருமிவிட்டார். செல்லன் உயிரைக் கொடுத்து ஊதினான். புகை ஊதாங்குழல் வழியே திரும்பி ஜமக்காளத்துக்குள் இறங்கியது.

“அஃஹ்ச்சூ!” என்றது அடுப்பு.

சென்றாயன் கண்ணை மூடிக்கொண்டார்.

“போன வருஷமே தும்மியதே” என்றார் அம்மாள். “இன்னுமா சரி செய்யவில்லை?”

சென்றாயனுக்கு அழுகை வந்துவிட்டது. இவ்வளவு கேலி எதற்கு? பொய்யன் என்று ஒரே வார்த்தையில் சொல்லித் தொலைக்கக் கூடாதா?

அதற்குள் செல்லனுக்கு அடுத்த தும்மல் வந்தது. கால் உதறியதில் மணி கணகணவென்று அடித்தது. தை மாசத்து வானத்தில் பஞ்சுத் துணுக்களவு மேகமும் இல்லை.

அம்மாள் ஜன்னல் வழியே அண்ணாந்து பார்த்தார். “மழை வருமா?”

“எப்படியும் இந்த வருஷத்துக்குள்ள வந்துடும்ங்க” என்றார் சென்றாயன் பலவீனமாக.

மூன்றாவது தும்மல் மேஜையையே தூக்கியது. மேஜை கரும்பலகையில் இடித்தது. கரும்பலகை சாய்ந்து விழ, பின்னாலிருந்த மரப்பெட்டி பட்டப்பகலில் எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது.

அம்மாளின் முகம் வெளுத்தது. “இது என்ன? இது அறிக்கையிலே இல்லையே!” குரல் நடுங்கியது. கோபத்தில்தான் நடுங்குகிறது என்று சென்றாயன் முடிவு கட்டினார். மேனேஜரின் முகமும் காலியான சாப்பாட்டுத் தட்டும் சேர்ந்தாற்போல் கண்முன் வந்தன.

யாரும் சொல்லாமலே வஹிதா முன்னால் வந்தாள். இரண்டு படி கடலைக்காயைப் பெட்டியில் கொட்டினாள். மாதம்மாள் கைப்பிடியை ஆட்டினாள். கடகடவென்ற சத்தத்துடன் பருப்பும் தொலியும் கீழே விழுந்தன. பழனியம்மாள் அதை முறத்தில் அள்ளிப் புடைத்தாள். நான்கு நிமிஷம்கூட ஆகவில்லை.

“ஆத்தா ஒரு நாள் பூரா குந்தி உரிக்கிறதுங்கம்மா இது” என்றாள் மாதம்மாள்.

“யார் சொல்லிக் கொடுத்தது?”

“யாருமில்லீங்க. அலமாரியத் தொறந்து விட்டாங்க” என்றாள் வஹிதா.

அம்மாள் ஒரு பருப்பை எடுத்து வாயில் போட்டு மென்றார். வெகுநேரம் மென்றார். பிறகு உட்கார்ந்து நோட்டில் எழுதினார். பேனா நடுங்கிக் காகிதத்தில் இரண்டு இடத்தில் மை கொட்டியது.

“இதை மட்டும் சேலத்துக்கு எடுத்துப் போகிறேன். இந்த மூன்று பெண்களும் கண்காட்சிக்கு வந்து ஆட்டிக் காட்டட்டும். அடுப்பும் மணியும் இங்கேயே இருக்கட்டும், வழியில் உடைந்துவிடும்.” சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் ஜட்காவில் ஏறிக்கொண்டார்.

மூன்று பெண்களும் வாசலில் குதித்துக்கொண்டிருந்தார்கள். சென்றாயனுக்கு அந்தச் சந்தோஷம் எட்டவேயில்லை. அடுப்பை ஏன் விட்டுப் போகிறாள்? அப்படி ஒன்றே இல்லை என்று சபையில் எல்லார் முன்னாலும் சொல்லி அவமானப்படுத்தவா? மரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போன குள்ளனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஐயா, உனக்குப் புண்ணியமாப் போகும். அம்மா என்னைப் பத்தி என்ன எழுதுவாங்க? என் வேலை நிக்குமா, நிக்காதா?”

குள்ளன் ஜட்காவை ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

“அட, நீங்க வேற எதுக்குங்க சார் நடுங்குறீங்க? ரெண்டு வருசமா சேலத்துல வூட்டை விட்டு எறங்காம ‘நேர்ல போய்ப் பாத்தேன், அடுப்பு நல்லா ஊதுது’ன்னு எழுதிக் குடுத்தவங்க அவங்க, இங்க ஒரு துரும்பாச்சும் இருந்துடணும்னு வழியில இருக்கிற சாமிக்கெல்லாம் கும்புடு போட்டுக்கிட்டே வந்தாங்க!”