ஏழு நாய்க்கு வரி

ஆபீசுக்குப் போகிறவர்கள் காகிதத்தைக் கொண்டு போனால் போதும், வாயைக் கொண்டு போகக் கூடாது. இது எனக்கு இந்த வயதில் தெரிகிறது. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளை வெள்ளைக்காரன் வேட்டையாடிய அவசர காலத்தில், கல்யாணமான புதிதில், என் கையில் இருந்த ஆயுதம் வாய் ஒன்றுதான்.

அப்போது ரப்பர்த் தோட்டத்து லயத்து வீடுகளை எல்லாம் ரெம்பாவ் போகும் சாலையோரம் ஒரே இடத்தில் கூட்டி, சுற்றிலும் முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். காட்டிலிருக்கும் ஆட்களுக்குச் சோறு போய்விடக் கூடாதாம். விடிகாலையில் பால்மரம் வெட்டப் போகிறவர்களைக் கேட்டில் நிறுத்திச் சோதிப்பார்கள். மடியில் சோறு அகப்பட்டால் பிடுங்கித் தகரத்தில் கொட்டிவிடுவார்கள். கேட்டுக்குப் பக்கத்து வீடு எங்களுடையது. சோறு வீணாவதைப் பார்க்கப் பொறுக்காமல் அந்தத் தகரத்தை வாங்கி என் வாசலில் வைப்பேன். தோட்டத்து நாய்களுக்கெல்லாம் இந்தச் சங்கதி தெரியும். (எங்களுக்கு மரவள்ளிக்கிழங்கு, நாய்களுக்கு விருந்து. அப்படி ஒரு காலம்.)

நாய் வரிக்குக் கணக்கெடுக்க டவுன் போர்டு ஆள் வந்தது சரியாக அந்த நேரத்தில். என் வாசலில் வாலாட்டிக்கொண்டிருந்த அத்தனையையும் என் பேரில் எழுதிக்கொண்டு போய்விட்டார். பின்னாலேயே பில் வந்தது. எனக்கு எழுத்து வராது, எண் வரும். ஏழு என்று போட்டிருந்தது.

என்னுடையது செவலை ஒன்றுதான். மாசக் கடைசிக்குள் வரியைக் கட்டிப் பித்தளை வில்லை வாங்கிக் கழுத்தில் மாட்டாவிட்டால், நாய் சுடுகிறவன் வந்துவிடுவான். ஏழுக்கும் கட்டினால் நாங்கள்தான் அந்தத் தகரத்தின் முன்னால் உட்கார வேண்டும். "பேசாம பெரிய கிராணிகிட்ட சொல்லி எழுதிப் போடு" என்றார் எங்கள் வீட்டுக்காரர். நானா கேட்பேன்?

பால் வெட்டுகிறவர்களுக்குக் கணக்கு என்றால், வாளியைத் தூக்கிக்கொண்டு போய்க் கணக்கெழுதும் கிராணியின் கண்முன்னே நிறுப்பதுதான். பார்க்காமல் ஒன்றையும் எழுத மாட்டார்கள். ஆகவே நாயையும் நேரில் காட்டிவிடுவதென்று தீர்மானித்தேன். கல்யாணப் புடவையைக் கட்டினேன், செவலையைக் கயிற்றில் பிடித்தேன், டவுனுக்கு நடந்தேன். கேட்டில் என்னைத்தான் சோதித்தார்கள், என் பின்னால் வந்தவற்றை யாரும் சோதிக்கவில்லை. நானும் திரும்பிப் பார்க்கவில்லை. (பெருமையோடு நடக்கிறவளுக்குக் கழுத்து திரும்பாது.)

ஆபீசில் ஒரு யாழ்ப்பாணத்துக் கிராணி இருந்தார். கண்ணாடி போட்ட சாதுவான மனிதர். செவலையை அவர் மேசைக்கு முன்னால் நிறுத்தினேன்.

"ஐயா, எங்கிட்ட இருக்கிற நாயி இதான், நல்லா பாத்துக்குங்க. இதுக்கு மேல ஒண்ணு காட்டிட்டீங்கன்னா நான் இங்கயே நின்னு கொரைக்கிறேன்."

அவர் சிரித்துவிட்டார். "பிழை எங்கடதான் அம்மா. ஒண்டெண்டு மாத்தி விடுறன்" என்று பேனாவை மையில் தொட்டார்.

அந்த நேரத்தில்தான் மீதி ஆறும் உள்ளே வந்தன. ஒன்று மேசைமேல் காலை வைத்து எட்டிப் பார்த்தது. இன்னொன்று காகித அலமாரி ஓரமாகப் போய்க் காலைத் தூக்கியது. எனக்குக் கைகால் ஓடவில்லை, வாய் மட்டும் ஓடியது.

"டேய் குண்டா, எறங்குடா. மொட்டவாலு, அங்க போவாத. வெள்ளச்சி, ஒத்தக்காது, எல்லாம் உக்காருங்க."

ஆறும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையாக உட்கார்ந்தன. கிராணி பேனாவைக் கீழே வைத்தார்.

"இதுகள் ஆற்ற நாயள்? உங்கடயோ?"

"தெரியாதுங்க. நான் பாத்ததே இல்ல."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்கட இல்லையெண்டால் நான் ஒண்டெண்டே எழுதுறன். மற்ற ஆறையும் சுடுற ஆளுக்கு அறிவிக்க வேணும், அவ்வளவுதான்."

மொட்டைவால் என் பாதத்தின் மேல் தாடையை வைத்துப் படுத்திருந்தது. நான் சுவரைப் பார்த்தேன், விட்டத்தைப் பார்த்தேன்.

"ஏழுன்னே இருக்கட்டுங்க" என்றேன்.

மூக்குத்தி நேராகச் சீனன் அடகுக் கடைக்குப் போனது. மூளி மூக்கோடு, ஏழு வில்லை கிணுகிணுக்க ஊர்வலமாக வீடு திரும்பினேன். எங்கள் வீட்டுக்காரர் ஒவ்வொரு கழுத்தாகப் பார்த்துவிட்டு, "மூக்குத்திய ஏழு பங்கா போட்டுட்டு வந்துட்ட போலிருக்கே" என்றார். மறு வருஷமும் ஏழு என்றே பில் வந்தது. என்னை ஆபீசுக்கு விடவில்லை. எட்டாக்கிவிடுவேனாம்.

இன்றைக்குச் செனாவாங்கில் மகன் வீட்டில் கரண்டு பில் தப்பாக வந்தால்கூட என் கண்ணில் படாமல் ஒளித்து வைக்கிறார்கள். "அம்மாவ மட்டும் அனுப்பாதலா, தாமான்ல இருக்கிற எல்லா வீட்டு பில்லையும் சேத்துக் கட்டிட்டு வந்துடும்" என்று மகன் மருமகளிடம் சொல்கிறான். எனக்குக் காது கேட்காது என்று நினைப்பு.

சொல்லட்டும். அந்த ஏழில் ஒன்றுகூடக் குண்டடிபட்டுச் சாகவில்லை. எல்லாம் வயசாகி, என் வாசலில்தான் செத்தன.