ஐயாசாமிக்குக் கொடுத்தது வேஷம்

ஜோகூர் பாரு,
செவ்வாய்க்கிழமை, ஆகஸ்டு 1934

கனம் பத்திராதிபர் அவர்களுக்கு, அன்னாசி ஆலையில் கணக்கெழுதுபவனும் சாயங்காலங்களில் நாடக வாத்தியாருமான ஜெயபாலன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

தங்கள் பத்திரிகை ஐயாசாமியைக் கொன்றுவிட்டது. அவர் நீங்கலாக இவ்விடம் எல்லோரும் சௌக்கியம். அவ்விடத்துச் சௌக்கியத்தை விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. இதே விஷயமாக நான் எழுதிய முதல் கடிதத்துக்குத் தாங்கள் பதில் போடாததால் இது இரண்டாவது.

எங்கள் சபையார் வரும் சனிக்கிழமை நடத்தும் நாடகத்தைப் பற்றித் தங்கள் உள்ளூர்ச் செய்திப் பகுதிக்கு எழுதி அனுப்பினேன். 'ராஜா வேஷம்' என்றுதான் எழுதினேன். தாங்கள் அச்சிட்டது இது: 'ராஜா விஷம், தெப்ராவ் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டும் ஐயாசாமி என்பவருக்கு, வாத்தியார் ஜெயபாலனால் நீண்ட யோசனைக்குப் பின் கொடுக்கப்பட்டது. சபையோர் கைதட்டி மகிழ்ந்தனர்.' ஒரு கொம்பு தவறியதில் ஓர் ஆள் போய்விட்டான், நான் கொலைகாரன் ஆகிவிட்டேன், கைதட்டிய குற்றத்துக்குச் சபை முழுவதும் உடந்தை.

இதைக் கண்ணால் படித்தவர்களுக்கு அச்சுப்பிழை என்று புரிந்திருக்கலாம். ஆனால் இந்த ஊரில் பத்திரிகையைக் கண்ணால் படிப்பவர்கள் குறைவு, காதால் படிப்பவர்கள்தான் அதிகம். உதுமான் ராவுத்தரின் காப்பிக் கடையில் ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் கேட்பார்கள். அன்று படித்து முடித்ததும் கடையில் யாரும் கோப்பையைத் தொடவில்லையாம். சாயங்காலம் ராவுத்தர் என்னைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, நீங்க யாருக்கு வேணா என்ன வேணா கொடுங்க. முந்தின நாள் அவரு என் கடையிலதான தேத்தண்ணி குடிச்சாரு? இப்ப ஜனங்க கிளாஸை மோந்து பாத்துக் குடிக்கிறாங்க லா" என்றார். நான் அது வேஷம் என்றேன். "அதைத்தான நானும் சொல்றேன்" என்றார். அங்கிருந்து வீட்டுக்கு வந்தால் வாசலில் மலாய்ப் போலீஸ்காரர் அமீர் சைக்கிளைச் சாத்திவிட்டு நிற்கிறார். விஷத்துக்கு மலாயில் ராச்சுன். ராச்சுன் எங்கே, எடு என்கிறார். வேஷத்துக்கு மலாயில் என்ன சொல்வதென்று அந்த நேரத்தில் எனக்கு வரவில்லை, ஆகவே உள்ளே போய் அட்டைக் கிரீடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு, வாளையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்து, இதுதான் நான் கொடுத்தது என்று காட்டினேன். அவர் நாலடி பின்வாங்கி, என்னிடம் ராச்சுனைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டு, என்னைப் பார்த்துக்கொள்ள வீட்டில் பெரியவர்கள் இருக்கிறார்களா என்று பக்கத்து வீட்டில் விசாரித்தார்.

தோட்டத்தில் நடந்தது இதைவிட மோசம். கெலாங் பாத்தாவிலிருந்து ஐயாசாமியின் அத்தை பேச்சியம்மாள் மாட்டு வண்டியில் வந்து இறங்கி, லயத்து வீட்டு வாசலில் உட்கார்ந்து ஒப்பாரி தொடங்கிவிட்டார். உள்ளே தலை துவட்டிக்கொண்டிருந்த ஐயாசாமி துண்டோடு ஓடிவந்து, "யாருக்கு அத்தை?" என்று பதறிக் கேட்டிருக்கிறார். "உனக்குத்தான்டா, பேசாம உக்காரு. பாதியில நிறுத்தினா ஆகாது" என்று சொல்லிக் கிழவி முழுவதையும் பாடி முடித்துத்தான் எழுந்தார். துக்கம் கேட்க வந்தவர்களுக்கெல்லாம் ஐயாசாமியே தண்ணீர் மொண்டு கொடுத்தார்.

இதுவரை சிரிக்கிற கதை. தாங்களும் சிரித்திருப்பீர்கள். இனிமேல் சிரிக்க வேண்டாம்.

எங்கள் சபைத் தலைவர், அந்தத் தோட்டத்தில் ஆள் கணக்கு எழுதும் பெரிய கிராணி சதாசிவம். சபை தொடங்கிய நாள் முதல் ராஜா வேஷம் அவருக்குத்தான். ராஜாவென்றால் தொப்பையும் தங்கப் பொத்தானும் வேண்டும் என்பது சபையின் கொள்கை. அவருக்கு வசனம் நிற்காது. திரைக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுப்பவர்தான் உண்மையில் நாடு ஆண்டுகொண்டிருந்தார். தோட்டத்து ஆட்களுக்கு விளக்குப் பிடிக்கும் வேலை, குதிரைக்குப் பின்கால் வேலை. இந்த வருஷம் நான் பிடிவாதமாக நின்று ஐயாசாமிக்கு ராஜா வேஷம் வாங்கிக் கொடுத்தேன். மரத்துக்கு மரம் கூப்பிட்டுப் பேசிப் பழகிய குரல் அது, கொட்டகையின் கடைசி வரிசைக்கும் கேட்கும். அன்றைக்கே கிராணி சொல்லிவிட்டார், சனிக்கிழமை பால்வெட்டு உண்டு, லீவு கிடையாது என்று.

தங்கள் செய்தி வந்த மறுநாள் விடியற்காலைப் பெரட்டில் ஆட்களை வரிசையாக நிறுத்தி எல்லோர் பெயரையும் கூப்பிட்டவர் ஐயாசாமி பெயரை மட்டும் கூப்பிடவில்லை.

"கிராணி ஐயா, நான் இங்கதான நிக்கிறேன்."

"நிக்கலாம்பா. யார் வேணாம்னா? பேர்தான் இல்ல."

"ஏன் இல்ல?"

"பத்திரிகையில வந்திடுச்சே. செத்தவன் பேரைக் கூப்பிட்டா துரை என்னைக் கேக்க மாட்டாரா? பத்திரிகையில மாத்திப் போடட்டும், நானும் மாத்தி எழுதிடுறேன்."

அவர் இங்கிலீஷும் தமிழும் படித்தவர். அச்சுப்பிழை எது, சாவு எது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அன்று மாலையே சபையைக் கூட்டி, ராஜா காலமாகிவிட்டபடியால் வேறு வழியின்றித் தாமே வேஷம் கட்டுவதாகத் துக்கத்தோடு அறிவித்தார். வெட்டுவதற்கு மரமும் இல்லை, கட்டுவதற்கு வேஷமும் இல்லை என்று ஐயாசாமி லயத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

பத்திராதிபர் அவர்களே, கிராணிமார் வீட்டில் பெயர் சூட்டினால் தாங்கள் அரைப் பத்தி போடுகிறீர்கள். மாலை போட்டவர் பெயர், மாலை வாங்கிவந்தவர் பெயர், எல்லாம் வரும். தோட்டத்து ஆட்கள் நாள் முழுக்க வேலை செய்துவிட்டு வந்து ஒத்திகை பார்த்து ஆடினால், 'சில கூலிகளும் பங்குகொண்டனர்' என்று ஒரு வரி. அந்தச் சில கூலிகளில் முதன்முதலாக ஒருவர் பெயரைத் தாங்கள் அச்சிட்டீர்கள். அச்சிட்ட வரியிலேயே அவரைச் சாகடித்தீர்கள். பெயரும் முகமும் இல்லாதவன் செத்தால் என்ன, இருந்தால் என்ன என்று அச்சுக்கூடத்தில் ஒருவருக்கும் உறுத்தவில்லை. கிராணி சதாசிவத்துக்கு விஷம் கொடுத்ததாக எழுத்துக் கோத்திருந்தால் பிழை திருத்துபவர் விழித்துக்கொண்டிருப்பார்.

ஆகவே சனிக்கிழமைக்கு முன்பாக, அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், ஐயாசாமி உயிரோடிருக்கிறார், ராஜா வேஷம் அவருடையது என்று தாங்கள் திருத்தம் போட்டே தீரவேண்டும். போடும்வரை நான் எழுதுவதை நிறுத்தப்போவதில்லை.

தங்களுக்கும் தங்கள் குடும்பத்தாருக்கும், எழுத்துக் கோப்பவரின் கண்ணுக்கும் ஒரு குறையும் வராதிருக்கட்டும்.

இப்படிக்கு,
ஜெயபாலன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் ஐயாசாமி வந்துவிட்டார். கடிதத்தைப் படித்துக் காட்டினேன். திருத்தம் போடவேண்டாம் என்கிறார். "வாத்தியாரே, பெரட்டுல பேர் இருந்தா சனிக்கிழமைக்கு லீவு கேக்கணும். கிராணி தரமாட்டாரு. செத்தவனுக்கு எதுக்குங்க லீவு?" என்கிறார். கூட வந்த அவர் மனைவி வெள்ளையம்மா, "இவருக்கென்ன, செத்துட்டு வீட்டுல உக்காந்து வசனம் படிக்கிறாரு. பெரட்டுக்குப் போறது நான்ல" என்று முணுமுணுத்தாலும், அவரும் வேண்டாம் என்றுதான் சொல்கிறார். மேலும், ராவுத்தர் கடையில் வைத்த நாடகச் சீட்டெல்லாம் விற்றுவிட்டதாம். ஜனங்கள் வருவது கிராணியைப் பார்க்க அல்ல, விஷம் சாப்பிட்டவனைப் பார்க்க. ராஜாவாக ஐயாசாமி வராவிட்டால் கொட்டகையைப் பிரித்துவிடுவார்கள் என்று பயந்து, சபையார் கிராணியை மந்திரி வேஷம் கட்டும்படி கேட்டிருக்கிறார்கள். யோசிப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

எனவே மேலே எழுதியது எதையும் தாங்கள் அச்சிட வேண்டாம். சனிக்கிழமைவரை ஐயாசாமி செத்தவராகவே இருக்கட்டும். ஆனால் திங்கட்கிழமைப் பத்திரிகையில் அவரை உயிரோடு எழுப்பவேண்டும். பத்திரிகையில் வந்ததற்காகப் பெயரை அடித்த கிராணி, பத்திரிகையில் வந்தால் எழுதித்தானே ஆகவேண்டும்? 'கூலி ஒருவர்' என்று போடாதீர்கள். ஐயாசாமி என்று போடுங்கள், ராஜாவாக நடித்தார் என்று போடுங்கள். போடுவீர்களா, மாட்டீர்களா? இக்கடிதத்தைக் கொண்டுவருபவர் தாங்கள் கொன்றவரேதான், பதிலுக்காக வாசலில் நிற்பார்.