ஃபிசாவின் லைனை நான் நிறுத்திய கதை

கிருஷ்ணகிரி
வியாழக்கிழமை

அன்பு மச்சான் ஜுபைர் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இறைவன் அருளால் இங்கே நான், உங்கள் தங்கை ஃபகருன்னிசா, மகள் ஃபிசா மூவரும் சுகம். நாட்றாம்பாளையத்தில் நீங்களும் மகள் கௌசரும் வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். யானைகள் காட்டோடு இருக்கவும் சேர்த்தே துஆ செய்கிறேன்.

போனில் மூன்று முறை பேச்சை எடுத்தேன், மூன்று முறையும் பாதியில் லைன் கட்டாகிவிட்டது. டவர் கோளாறு என்று உங்கள் தங்கையிடம் சொல்லிவைத்திருக்கிறேன், நீங்களும் அப்படியே சொல்லுங்கள். அதனால்தான் காகிதத்தில் எழுதி, உங்கள் பக்கம் வரும் வேன்கார திம்மப்பனிடம் கொடுத்தனுப்புகிறேன். விஷயம் கௌசர் வேலைதான். ஓசூர் கம்பெனியில், ஃபிசாவின் லைனிலேயே அவளுக்கு வேலை கிடைத்து, திங்கட்கிழமை சேரச் சொல்லி ஆர்டரும் வந்துவிட்டது. நீங்களோ, "பொட்டப் புள்ளய லைன்ல நிறுத்தறதா மச்சான்" என்று கேட்டுப் போனை வைத்துவிட்டீர்கள்.

லைன் என்றதும் உங்களுக்குப் பையன்கள் லைன் விடுவதுதான் ஞாபகம் வருகிறது. அந்தச் சொல்லுக்கு இங்கே எத்தனை வேலை தெரியுமா? யானை கம்பத்தைச் சாய்த்து நீங்கள் இரண்டு நாள் இருட்டில் உட்கார்ந்தீர்களே, அது கரண்ட் லைன். ரேஷன் கடையில் துண்டைப் போட்டு இடம் பிடித்துவிட்டு டீ குடிக்கப் போகிறீர்களே, அதுவும் லைன்தான். திம்மப்பன் மாங்காய் ஏற்றிக்கொண்டு வெளியூர் போனால் லைனுக்குப் போயிருக்கிறான் என்கிறோம். நான் முப்பது வருஷமாக மாங்காய் லைன். ஓசூரில் வரிசையாகக் கட்டி வாடகைக்கு விடுவது லைன் வீடு. உங்கள் மகன் ஒழுங்காகக் கடைக்குப் போக ஆரம்பித்தபோது, இப்போதுதான் லைனுக்கு வந்திருக்கிறான் என்று பூரித்தது நீங்கள்தான். இதற்கெல்லாம் வராத வெட்கம் ஃபிசாவின் லைனுக்கு மட்டும் ஏன் வருகிறது? நடுவில் பெல்ட் ஓட, இரண்டு பக்கமும் இருபத்திரண்டு பேர் நின்று ஸ்கூட்டர் விளக்கு பூட்டும் இடம் அது. அத்தனை பேருக்கும் என் மகள் லீடர். இதை எழுதும்போதே எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை கம்பெனியில் ஃபேமிலி டே. வேலை செய்கிறவர்களின் வீட்டாரைக் கூப்பிட்டுச் சுற்றிக்காட்டி பிரியாணி போடும் நாள். பெல்ட்டுக்கு மேலே ஒரு சிவப்புக் கயிறு தொங்கியது. யார் கண்ணில் குறை பட்டாலும் கயிற்றை இழுக்கலாம், லைன் நின்றுவிடும், லீடர் வந்து பார்த்தால்தான் மறுபடி ஓடும் என்று மேனேஜர் குருமூர்த்தி விளக்கினார். யார் வேண்டுமானாலும் என்றால் நானும்தானே, மச்சான்? மண்டியில் ஒரு கூடையைப் பார்த்தாலே அடியில் கிடக்கும் அழுகலைச் சொல்கிற கண் இது. மூன்றாவது விளக்கிலேயே கண்ணாடியில் மயிரிழை மாதிரி ஒரு கீறல். இழுத்துவிட்டேன். பெல்ட் நின்றது, சைரன் அடித்தது, நாலு திசையிலிருந்தும் ஆட்கள் ஓடி வந்தார்கள். உங்கள் தங்கை என்னை யாரென்றே தெரியாதது போல் எட்டப் போய் நின்றுகொண்டாள். மகளுடைய லீடர் பதவிக்கே உலை வைத்துவிட்டோமோ என்று பயந்து, கயிற்றை விடாமல் பிடித்தபடியே நின்றேன். ஃபிசா வந்தாள். விளக்கை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அத்தா இழுத்தது சரிதான். கீறல் இருக்குது. எல்லாரும் கை தட்டுங்க" என்றாள். குருமூர்த்தியும் சேர்ந்து தட்டினார். எனக்கு ஒரு தண்ணீர் பாட்டிலும் கொடுத்தார்கள்.

அன்றிலிருந்து மண்டியில் என்னைப் பார்க்க வருகிறவர்கள் மாங்காய் விலை கேட்பதற்கு முன் இந்தக் கதையைக் கேட்டாக வேண்டும். படித்த இன்ஜினியர்கள் கண்ணில் படாதது என் கண்ணில் பட்டதென்றால், அந்தக் கண்ணால் பார்த்துச் சொல்கிறேன், அது நல்ல இடம். கௌசரை அனுப்புங்கள். எங்கள் வீட்டிலேயே தங்கி, ஃபிசாவோடு கம்பெனி பஸ்ஸில் போய் வரட்டும்.

வீட்டில் பெரியவர்களுக்கு ஸலாம், பிள்ளைகளுக்கு என் அன்பு. எல்லோருக்கும் இறைவன் நீண்ட ஆயுளும் நிறைந்த பரக்கத்தும் தருவானாக.

உங்கள் மச்சான்,
கௌஸ் மொய்தீன்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்கு முன் ஃபிசாவிடம் படிக்கக் கொடுத்தேன். இன்ஜினியர் வரியில் அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஃபேமிலி டே அன்று உற்பத்தியே கிடையாதாம். வந்தவர்களுக்குக் காட்டுவதற்காக, ஒதுக்கிப் போட்ட ரிஜெக்ட் விளக்குகளைத்தான் பெல்ட்டில் ஓட்டினார்களாம். எதை எடுத்திருந்தாலும் கீறலோ விரிசலோ இருந்திருக்கும். குருமூர்த்திக்கும் தெரியும், கை தட்டிய அத்தனை பேருக்கும் தெரியும். ஆகவே மேலே என் கண்ணைப் பற்றி எழுதியதை எல்லாம் அடித்துவிட்டுப் படியுங்கள், திம்மப்பனிடமும் மூச்சு விடாதீர்கள். அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொல்லியிருந்தா அத்தன பேர் முன்னால நீங்க தல குனிஞ்சிருப்பீங்க அத்தா. என் லைன்ல வந்து நிக்கிற யாரையும் நான் தல குனிய வுட மாட்டேன்" என்றாள். மச்சான், கௌசர் நிற்கப் போவது அந்த லைனில்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஓசூர் பஸ் நிலையத்தில் நான் காத்திருக்கிறேன்.