வராதவர்களுக்கு நாற்காலி போட்டவர்

பினாங்குத் தீவிலேயே நாற்காலி அண்ணனைப் போலப் பயப்படத் தெரிந்தவர் கிடையாது. பாயான் லெப்பாஸில் எங்கள் சிப் தொழிற்சாலையில் அவர் சிஸ்டம்ஸ் இன்ஜினியர். புது மெஷின் வந்தால் நாங்கள் மெஷினைப் பார்ப்போம். அவர் அதைத் தொடப்போகிறவர்களை நினைத்து வியர்த்துக் கொட்டுவார். அவர்களை மறந்துவிடக் கூடாதென்று, கூட்டத்துக்கு வராத ஒவ்வொருவருக்கும் ஒரு காலி நாற்காலி போடுவார். துப்புரவு அக்காவுக்கு ஒன்று, பஸ் டிரைவருக்கு ஒன்று. இன்ஜினியர்கள் நாங்கள் சுவரோரம் நிற்போம்.

போன தைப்பூசத்தன்று வாடிக்கையாளர் முன்னால் புது மெஷினை ஓட்டிக் காட்ட வேண்டும். விடுமுறையில் உற்பத்தி லைன் காலியாக இருக்குமென்று மேனேஜர் நாள் குறித்துவிட்டார். சொதப்பினால் என் கான்ட்ராக்ட் அதோடு சரி. வீட்டில் மனைவி மாசமாக இருந்தாள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

கடைசிக் கூட்டத்தில் அண்ணன் இரண்டு காலி நாற்காலிகள் போட்டார்.

“இது யாருக்குண்ணே?” ஒன்றைக் காட்டிக் கேட்டேன்.

“கம்ப்ரசர் முருகையாவுக்கு. காத்து இல்லன்னா மெஷின் கை அசையாதுலா. லீவு நாள்ல கம்ப்ரசர நிப்பாட்டிருவாங்க தம்பி!”

எல்லோரும் சிரித்தார்கள். காற்று எப்போதும் வருகிறதே, மெஷினைக் கவனியுங்கள் என்றார் மேனேஜர். இன்னொரு நாற்காலி யாருக்கென்று கேட்பதற்குள் கூட்டம் கலைந்துவிட்டது.

தைப்பூசக் காலை. பொத்தானை அழுத்தினேன். மெஷின், ஆசீர்வாதம் செய்வதுபோல் கையைத் தூக்கியபடியே நின்றது. வாடிக்கையாளர் கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடியும் அழுத்தினேன். அண்ணனைத் திரும்பிப் பார்த்தால் அவர் என்னைவிட மோசமாக நடுங்கிக்கொண்டிருந்தார்.

“முருகையாகிட்ட சொல்லி வெச்சிருக்கேன் தம்பி. பால்குடம் எடுத்துட்டு நேரா வந்துடுறேன்னாரு. காவடி போற ஜாலான் எல்லாம் அடைச்சிட்டாங்களோ என்னவோ!”

ஒருவழியாக முருகையா ஓடிவந்தார். மஞ்சள் வேட்டி, நெற்றி நிறைய விபூதி, காலில் காவலாளி கட்டாயப்படுத்தி மாட்டிவிட்ட சேஃப்டி ஷூ. கம்ப்ரசர் உறுமியது. மெஷின் கை இறங்கியது. எனக்குப் போன உயிர் வந்தது. வாடிக்கையாளர் மெஷினை விட்டுவிட்டு முருகையாவோடு படம் எடுத்துக்கொண்டார்.

அப்புறம்தான் அண்ணனைக் கேட்டேன். “அந்த இன்னொரு நாற்காலி?”

“உன் வீட்டம்மாவுக்கு. இது ஊத்திக்கிட்டா மொத அடி அவங்களுக்குத்தானே.”

அன்று மாலையே வீட்டில் சொன்னேன். “அண்ணன எப்ப சாப்பிடக் கூப்பிடுறீங்க?” என்றாள் மனைவி.

ஞாயிற்றுக்கிழமை வந்தார். வந்ததும் கேஸ் குழாயை முகர்ந்து பார்த்தார். மூன்று பேருக்கு மூன்று நாற்காலி போட்டிருந்தோம். உட்காருமுன் சுவரோரம் கிடந்த நாலாவதை இழுத்து மனைவியின் பக்கத்தில் போட்டார்.

“வரப்போற ஆளுக்கு,” என்றார்.

அவள் எழுந்துபோய் அதன் முன்னால் ஒரு சின்னத் தட்டை வைத்தாள்.