சமையலறை வாசலில் ஒரு சார்ஜ்

பாத்திரத்திலிருந்த பால் அத்தனையும் தரையில் ஓடியது. அந்த ஈரத்தில் நின்றபடியே நடுவர் வலது முஷ்டியால் இடது உள்ளங்கையில் ஒரு குத்துக் குத்தி, "சார்ஜ்" என்றார்.

எதிரே நின்ற மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

மனுஷர் பதினெட்டு வருடமாகக் கூடைப்பந்து ஆட்டங்களுக்கு விசில் ஊதுகிறவர். பந்தோடு ஓடி வருகிறவர், முன்பே காலூன்றி நிற்பவர் மேல் இடித்தால் அது சார்ஜ். தப்பு வந்தவர் மேல். நிற்பவர் கடைசி நொடியில் குறுக்கே நகர்ந்திருந்தால் அது பிளாக். தப்பு நின்றவர் மேல். கண் இமைப்பதற்குள் சொல்லியாக வேண்டும். இந்த ஒரே விஷயத்தில்தான் அவர் முதல்நிலை நடுவர் தேர்வில் எட்டு முறை கோட்டை விட்டிருந்தார். ஒன்பதாவது முறையும் எழுதி, ஆடுகளத்தில் விசில் ஊதியும் காட்டியிருந்தார்.

"நான் ரெண்டு காலும் ஊன்றி நின்னுட்டிருந்தேன். குப்பை போடக் கீழ போனவ, படியேறி வந்த வேகத்துல நீதான் வந்து இடிச்ச," என்று காரணமும் சொன்னார்.

அவள் வாயைத் திறந்தாள். உடனே மூடிக்கொண்டாள். ஒரு கையை இடுப்பில் வைத்து முறைத்தாள்; இன்னொரு கை முதுகுக்குப் பின்னால் இருந்தது.

"பிளாக்னு காட்டணும்னா ரெண்டு கையையும் இடுப்புல வைக்கணும்," என்று நடுவர் திருத்தினார்.

இதைச் சொல்லாமல் இருந்து தொலைத்திருக்கலாம். அவள் விறுவிறுவென்று படுக்கையறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள்.

ஒரு மணி நேரமாகியும் பேச்சு மூச்சு இல்லை. அவள் வாயில் எதுவும் தங்காது. அது அவள் அம்மா கொடுத்த சீதனம். அவர் பிறந்தநாளுக்குச் சட்டை எடுத்தால் கடையிலிருந்தே போன் போட்டு நிறத்தைச் சொல்லிவிடுவாள். போன வருடம் தேர்வு முடிவைக்கூட, "இந்தத் தடவையும் போச்சுங்க" என்று படிக்கட்டிலிருந்தே அறிவிக்க, மூன்று மாடிக்காரர்களும் வந்து துக்கம் விசாரித்தார்கள். அன்றைக்குத்தான் அவர், இனிமேல் எதுவானாலும் என் கண்ணால் நானே படித்துக்கொள்கிறேன் என்று கத்தினார். இப்போது அந்தச் சத்தமெல்லாம் இல்லாமல் வீடு வீடாகவே இல்லை.

நடந்ததை நடத்திக் காட்டினால் அவளுக்கே புரியும் என்று, அடுத்த தெருவிலிருந்த மச்சானை வரவழைத்தார். தரையில் டேப் ஒட்டி, "நீதான் உங்க அக்கா. ஓடி வா" என்றார். மச்சான் ஆள் வாட்டசாட்டம். சொன்னபடி ஓடி வந்தான். இடித்த இடியில் அலமாரி ஆடி, மாவு டப்பா கவிழ்ந்து, இருவரும் தரையில் கிடந்தார்கள்.

கொட்டிய மாவில் நடுவரின் இடது கால் பக்கவாட்டில் நகர்ந்த தடம் பளிச்சென்று தெரிந்தது. காலையிலும் அந்தக் கால் இப்படித்தான் நகர்ந்தது என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. பால் பாத்திரத்தோடு குறுக்கே வந்தது அவர்தான்.

"அப்போ பிளாக்கா மாமா?" என்று இடுப்பைத் தடவிக்கொண்டே கேட்டான் மச்சான்.

மைதானத்தில் ஒரு நாளும் சொன்ன தீர்ப்பை மாற்றாதவர், படுக்கையறைக் கதவின் முன் நின்று மாற்றினார். தப்பு தன் மேல்தான் என்றார். உள்ளேயிருந்து இஸ்திரிப் பெட்டியின் சூட்டு வாசனைதான் வந்தது.

"துணியெல்லாம் இஸ்திரி போடுறா. அம்மா வீட்டுக்குக் கிளம்புறா போல," என்று மச்சான் எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினான்.

நடுவர் பதறிப்போய்ப் பரண்மேல் இருந்த பயணப் பெட்டியை இறக்கி, உன் வீட்டில் ஒளித்து வை என்று அவனிடமே கொடுத்தனுப்பினார். அவன் பெட்டியோடு படியிறங்குவதைக் கீழ்வீட்டுக்காரர் பார்த்தார். அக்கா எப்போது இறங்கி வருவார் என்று அவர் அக்கறையாக விசாரித்தது மேலே வரை கேட்டது. கால் மணி நேரத்தில் மூன்று மாடிக்காரர்களும் படிக்கட்டில் கூடிவிட்டார்கள்.

இனி ஒரே வழிதான். மாமியாருக்குப் போன் போட்டார். பால் முதல் பெட்டி வரை ஒன்று விடாமல் சொன்னார்.

"அவ அங்க வந்தா தயவுசெஞ்சு திருப்பி அனுப்பிடுங்க அத்தை. எனக்கு விசிலும் வேணாம், அந்தப் பரீட்சையும் வேணாம். அவ எங்கிட்ட ஒரு வார்த்தை பேசினா போதும்."

மாமியார் எதையோ அடக்கிப் பார்த்தார். அவராலும் முடியவில்லை.

"அவளுக்குக் கோவமெல்லாம் இல்ல மாப்பிள்ளை, எனக்கு மெசேஜ் போட்டா. கீழ தபால் பெட்டியிலேர்ந்து எடுத்துட்டு வந்து, பால்ல நனைஞ்சுபோன உங்க ரிசல்ட் லெட்டரை நீங்களே படிக்கணும்னு இஸ்திரி போட்டுக் காய வெச்சிட்டிருக்கா, வாயைத் தொறந்தா சொல்லிடுவோம்னுதான் பேசாம இருக்கா. நீங்க பாஸாம், 'இடிச்சது யார் தப்புன்னு பார்த்ததுமே கரெக்டா சொல்லிடறார்'னு அதுல பாராட்டி வேற எழுதியிருக்காங்களாம்."