இரைச்சல் ஒழிப்பு விழா

காது எல்லோருக்கும்தான் இரண்டு இருக்கிறது. ஆனால் கேட்கத் தெரிந்த காது, இந்த நகரத்தையே சல்லடை போட்டுச் சலித்தாலும் ஒரு ஜோடிதான் தேறும். அந்த ஜோடி, குடிநீர் அலுவலகப் புகார்ப் பிரிவுப் பொறுப்பாளரின் தலையில் இடமும் வலமுமாக வீற்றிருந்தது. பொருத்தமான நியமனம். மக்கள் குறையைக் காது கொடுத்துக் கேட்பதுதானே அவர் உத்தியோகம்! அவர் மேசைக்கு மேலே 'உங்கள் குரலுக்காகக் காத்திருக்கிறோம்' என்ற பலகை, பச்சை விளக்கோடு, பகலெல்லாம் எரிந்துகொண்டிருக்கும். அவர் பொறுப்பேற்ற பிறகு புகார்கள் குறைந்து குறைந்து, கடைசியில் அடியோடு நின்றே போயின. மேலிடம் பாராட்டியிருந்தது.

அவர் மனைவி தையல்காரம்மாவுக்கு மட்டும் இதில் ஒரு சின்ன உறுத்தல். வீட்டுக் குழாய் காற்றை மட்டும் துப்பிய அன்று, அவளே புகார்ப் பிரிவு எண்ணுக்குப் போன் அடித்தாள். மணி அடித்தது, அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. சாயங்காலம் கேட்டதற்கு, "இன்னைக்கு ஒரு போன்கூட வரலையே!" என்றார். பொய் சொல்கிற மனுஷரும் இல்லை.

அப்படிப்பட்டவர்தான் ஒருநாள் பழைய சாமான் கடையிலிருந்து ஒரு ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரை, பச்சைப் பிள்ளையைத் தூக்குவதுபோல் இரு கையிலும் ஏந்தி வந்தார். அலுமினிய முகம், அதில் வரிசையாகக் குமிழ்கள், முதுகில் துரு, உள்ளே ஒரு பல்லி. பல்லியை வெளியேற்றிவிட்டு, துணி வெட்டும் மேசையைக் கையகப்படுத்தி, 'புனரமைப்புப் பணி' தொடங்கியது. தையல்காரம்மாவின் பல் துலக்கும் பிரஷ் குமிழ்களின் இடுக்கைத் துலக்கப் போனது. ஈயம் பற்றவைக்கும் புகையில் தைத்த சட்டையெல்லாம் நாறியது. அதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது ஒன்றே ஒன்று: அவளுடைய ரேடியோவைப் பிரித்து, அதிலிருந்த கண்டென்சர் என்ற சின்ன உறுப்பைக் கழற்றி ஆம்ப்ளிஃபயருக்குள் வைத்துவிட்டார்.

பகல் முழுக்க அந்த வீட்டில் அவளோடு பேச இருந்த ஒரே ஆள் அந்த ரேடியோதான்.

"ஏங்க, என் ரேடியோவ எப்பத்தான் சரி பண்ணித் தருவீங்க?"

"உன் புகார் பரிசீலனையில இருக்கும்மா."

"யாரு பரிசீலிக்கிறாங்க?"

"நான்தான்."

"அப்ப வெளங்கினாப்லதான்!"

பணி முடிந்து பெட்டி உயிர் பெற்றது. ஆனால் பாட்டு இல்லாதபோதும் 'உம்ம்ம்' என்று ஓர் இரைச்சல். பொறுப்பாளருக்கு மட்டுமே கேட்டது. விடுவாரா? ஃபிரிட்ஜை நிறுத்தினார், பால் திரிந்தது. அழைப்பு மணியைப் பிடுங்கினார். சட்டை வாங்க வந்தவர்கள் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். கூடத்து மின்சாரம் 'அழுக்கு' என்று, பெட்டியின் ஒயரைக் கதவிடுக்கு வழியாகத் தையல் அறைச் சுவரிலிருந்த பிளக் பாயின்ட்டுக்கு நீட்டினார். பெட்டியின் முகப்பு விளக்கும் சங்கீதத்தில் கலப்படம் செய்கிறதாம். அதற்குத் தனி பேட்டரி வைத்துக் கொடுத்தார். ஒரு தடவை, "நீ கொஞ்சம் மூச்சு விடாம இரு" என்றுகூடச் சொன்னார்.

"நான் போய்ச் சேந்தாத்தான் உங்க இரைச்சல் நிக்கும்போல!" என்றாள் அவள். அது அவர் காதில் விழவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பெட்டிக்கு இரைச்சல் ஒழிப்பு விழா. அலுவலகத்திலிருந்து உதவியாளரும் கணக்கரும் சிறப்பு விருந்தினர்கள். அந்த நேரம் பார்த்துத்தானா ஒருவர் வந்து, தன் சட்டை இப்போதே வேண்டும் என்று கதவை உடைப்பதுபோல் தட்ட வேண்டும்? தையல்காரம்மா அறைக்குள் ஓடினாள், ஏதோ ஒரு பிளக்கைப் பிடுங்கினாள், இஸ்திரிப் பெட்டியைச் சொருகினாள்.

கூடத்தில் பொறுப்பாளர் சுவிட்சைத் தட்டினார். பேட்டரி விளக்கு பொன்னாக ஒளிர்ந்தது. "முதல்ல பாட்டில்லாச் சோதனை," என்று சத்தக் குமிழைக் கடைசிவரை திருகினார்.

துளி இரைச்சல் இல்லை.

"ஆகா!" என்றார் உதவியாளர், கண்ணை மூடி. "என்னா ஒரு ஆழம் சார்! அமைதி நடு மார்புல வந்து உக்காருது."

"எடது பக்க அமைதி வேற, வலது பக்க அமைதி வேறன்னு தனித்தனியாத் தெரியுதே!" என்று கணக்கர் தழுதழுத்தார்.

"அதான்யா ஸ்டீரியோ," என்ற பொறுப்பாளரின் கண்ணில் நீர் திரண்டது. "இதுமேல பாட்டைப் போட்டுக் கெடுக்கணுமா?"

சுவருக்கு அந்தப்பக்கம் காலரை அழுத்திக்கொண்டிருந்த தையல்காரம்மாவின் கை நின்றது. தரையில் கிடந்த பிளக்கைப் பார்த்தாள். ஒயர் போகும் திசையைப் பார்த்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, தைக்கிற ஸ்டூலில் உட்கார்ந்து குலுங்கினாள். சிரித்து முடித்ததும் ரேடியோ ஞாபகம் வந்தது. எழுந்தாள். பிளக்கைக் கையில் பிடித்தபடி கூடத்துக்கு நடந்தாள்.

"தேடுனீங்களா இதை?"

மூவரும் பிளக்கைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். இப்போது வந்ததுதான் உண்மையான அமைதி.

பாராட்டியதை வாபஸ் வாங்கிப் பழக்கமில்லாத உதவியாளர்தான் முதலில் மீண்டார். "கரன்டே இல்லாம இவ்வளவு தூய்மையா! சார், இது அதுக்கும் மேல!"

"இனிமே பிளக் சொருகவே கூடாதுன்னு தீர்மானம் போட்டுருவோம்," என்றார் கணக்கர்.

பொறுப்பாளருக்குப் போன மூச்சு வந்தது. "ஏகமனதா நிறைவேறுது!"

"நல்லாப் போச்சு," என்றாள் தையல்காரம்மா. "அப்ப கரன்ட் இல்லாத பெட்டிக்கு என் ரேடியோ சாமான் எதுக்கு?"

"அது... பரிசீலிச்சு..."

"அண்ணி சொல்றது சரிதான் சார். அது இப்ப உபரி," என்று உதவியாளர் சொன்னார். "உபரிய உரியவங்ககிட்ட ஒப்படைக்கலாம். விதியே இருக்கு."

விதி என்றால் பொறுப்பாளர் மறுபேச்சு பேச மாட்டார். அங்கேயே கண்டென்சரைக் கழற்றி, ரேடியோவில் பற்றவைத்துக் கொடுத்தார். அது தொண்டையைச் செருமிக்கொண்டு பாடத் தொடங்கியது. அவள் சத்தத்தைக் கூட்டினாள். இன்னும் கூட்டினாள். வாசலில் சட்டைக்கு நின்றவர் ஒரு காலால் தாளம் போட்டார்.

மறுநாள் பொறுப்பாளர் சாப்பாட்டை மறந்துவிட்டுப் போய்விட்டார். தூக்குப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு அவள் அலுவலகம் போனாள். புகார்ப் பிரிவில் பச்சை விளக்கு எரிந்தது. அதன் கீழே மூவரும், கோயில் மண்டபத்தில் இருப்பவர்கள்போல் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

"பாத்தியா, என்னா அமைதி!" என்றார் பொறுப்பாளர் பெருமையாக.

தையல்காரம்மா தூக்கை மேசையில் வைத்தாள். பலகையைப் பார்த்தாள். டெலிபோனைப் பார்த்தாள். அதன் ஒயரை விரலால் பிடித்துக்கொண்டே மேசைக்கு அந்தப்பக்கம் போய்க் குனிந்தாள். ஒயர் அழகாகச் சுருட்டி, ரப்பர் பேண்டு போட்டு, அலமாரிக்குப் பின்னால் செருகியிருந்தது. ரப்பர் பேண்டை உருவி, முனையைச் சுவரில் சொருகினாள்.

டெலிபோன் அலறியது. நகரத்தின் காய்ந்த குழாய்கள் அத்தனையும் சேர்ந்து தொண்டை திறந்ததுபோல், மூச்சு விடாமல் அலறியது. கணக்கர் நாற்காலியோடு பின்வாங்கினார். உதவியாளர் மேசையைப் பிடித்துக்கொண்டார்.

நகரத்திலேயே நுட்பமான அந்த ஜோடிக் காதைப் பொறுப்பாளர் மெல்லச் சாய்த்து, கண்ணை மூடிக் கேட்டார்.

"இரைச்சல்," என்றார். "எங்கேயோ எர்த் சரியில்ல."

ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு எழுந்தார்.